ஒரே 10,000 ரூபாய், மூன்று கால்குலேட்டர், மூன்று விடை

(ஒரு சேமிப்புக் குழுவில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வைகைக்கரை

மாசம் 10,000 ரூபாய் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டுல மாசாமாசம் போடுற தவணை), 20 வருஷம், வருஷத்துக்கு 12 சதவீத வளர்ச்சி. இதை மூணு இணையதளக் கால்குலேட்டர்ல போட்டா மூணு விடை வருது. ஒண்ணுல 99,91,479. இன்னொண்ணுல 98,92,554. மூணாவதுல 91,98,574. போட்ட பணம் மூணுலயும் 24 லட்சம்தான். பிபிஎஃப்லயும் (பொது வருங்கால வைப்பு நிதி) இதே கதை: வருஷம் ஒன்றரை லட்சம் வீதம் 15 வருஷத்துக்கு ஒரு இடத்துல 40.68 லட்சம், இன்னொரு இடத்துல 39.45 லட்சம். எது சரி? இதை வச்சு ஒரு காலேஜ் செலவுக்குத் திட்டம் போடணும். இன்னைக்கு விலையில 15 லட்சம், 12 வருஷம் கழிச்சுத் தேவை. அளவுகோலே ஆடுதேன்னு கேக்குறேன்.

கணக்குப்பிள்ளை

மூன்றிலும் கூட்டல் பெருக்கல் பிழை இல்லை. மூன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. எந்தக் கேள்விக்கு என்பதை எந்தத் தளமும் திரையில் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு தளங்களும் 12-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 1 சதவீதம் என்று எடுத்துக்கொள்கின்றன. மாதம் 1 சதவீதம் கூட்டு வட்டியாக ஓடினால் வருடத்துக்கு 12.68 சதவீதம் ஆகிவிடும். நீங்கள் கேட்டது 12. அது கொடுத்தது 12.68. மூன்றாவது தளம் 1.12-க்குப் பன்னிரண்டாம் மூலம் கண்டு மாதம் 0.9489 சதவீதம் என்று வைக்கிறது. அப்போதுதான் வருடக் கடைசியில் சரியாக 12 வரும்.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள 98,925 ரூபாய் வேறுபாடு தேதியால் வந்தது. தவணை மாதத் தொடக்கத்தில் போகிறது என்று ஒன்று வைக்கிறது, மாதக் கடைசியில் என்று மற்றது வைக்கிறது. கூர்ந்து பார்த்தால் அந்த வேறுபாடு முழுத்தொகைக்கு ஒரு மாத வட்டி.

எது பொருந்தும் என்றால், மியூச்சுவல் ஃபண்டுக்கு நாம் சொல்லும் 12 சதவீதம் ஆண்டு வளர்ச்சியிலிருந்து, அதாவது சிஏஜிஆரிலிருந்து எடுத்த எண். அதனால் மூன்றாவது. 12-ஆல் வகுப்பது வீட்டுக்கடன் தவணைக்குச் சரி. ஏனெனில் கடன் ஒப்பந்தமே அப்படித்தான் வட்டி போடுகிறது. அந்தச் சூத்திரத்தை அப்படியே தூக்கிவந்து எஸ்ஐபிக்கு மாட்டியதுதான் கோளாறு.

ஒரு தளம் எந்த வகை என்று அறிய அரை நிமிடச் சோதனை உண்டு. 10,000 ரூபாய், 12 சதவீதம், 1 வருடம் என்று போடுங்கள். 1,28,093 வந்தால் வகுத்திருக்கிறது, மாதத் தொடக்கத் தவணை. 1,26,825 வந்தால் வகுத்திருக்கிறது, மாதக் கடைசித் தவணை. 1,27,665 வந்தால் ஆண்டு வளர்ச்சி முறை.

சந்தைக்கடை

அண்ணே, 12 சதவீதம்ங்கிறதே நாம குத்துமதிப்பா வச்ச எண்ணு. அடுத்த 20 வருஷம் சந்தை 9 தருமா 14 தருமான்னு யாருக்குத் தெரியும்? அடித்தளம் ஊகம், அதுல 0.9489-க்கும் 1-க்கும் சண்டை போடுறது சாக்கு மூட்டையை நகைத் தராசுல நிறுக்கிற மாதிரி இருக்கு.

கணக்குப்பிள்ளை

ஊகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊகம் நம்முடையதாக இருக்க வேண்டும். நாம் 12 என்று ஊகிக்கும்போது கருவி நமக்குத் தெரியாமல் அதை 12.68 ஆக்கக் கூடாது. அந்த 0.68-இன் விலை இங்கே 7.93 லட்சம். முகவர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் 1 சதவீதம் கூடுதல் செலவு போகிறது, நேரடியாக வாங்கும் டைரக்டுக்கு மாறுங்கள் என்று இதே குழுவில் நாள்தோறும் பேசுகிறோம். 12-க்குப் பதில் 11 என்று போட்டால் 91.98 லட்சம் 81.56 லட்சமாகிறது. அந்த ஒரு சதவீதத்துக்கு வருந்துகிறவர் இந்த முக்கால் சதவீதத்தை எப்படி விட்டுவிட முடியும்?

செலவு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, செலவு விகிதம் (ஃபண்டை நடத்தப் பிடிக்கும் சதவீதம்) கழித்த பிறகு வெளியாகும் எண். பழைய என்ஏவியிலிருந்து கண்ட வளர்ச்சியை உள்ளே போட்டுவிட்டு, "செலவு விகிதம்" என்ற பெட்டியையும் நிரப்பினால் அதே செலவு இரண்டு முறை கழியும். அந்தப் பெட்டியில் பூஜ்யம் போடுங்கள்.

சந்தைக்கடை

சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஒரே ஒரு விடையை மட்டும் பாத்துட்டு யாரும் போகக்கூடாது. 8, 10, 12 மூணுக்கும் போட்டுப் பாருங்க, அகலம் தெரியும்.

ஐந்தாம்தேதி

பிபிஎஃப் கேள்விக்கு நான் சொல்கிறேன். அங்கே ஊகத்துக்கு இடமில்லை, விதி எழுதியே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. கணக்கிடுவது மாதாமாதம், வரவு வைப்பது மார்ச் 31-இல் ஒரே முறை. ஆகவே பணம் கணக்கில் சேரும் தேதிதான் எல்லாம்.

7.1 சதவீதம், வருடம் ஒன்றரை லட்சம், 15 தவணை வருடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

ஏப்ரல் 5-க்குள் மொத்தமாகப் போட்டால் 40.68 லட்சம்.
மாதம் 12,500 வீதம் ஒவ்வொரு 5-ஆம் தேதிக்குள் போட்டால் 39.45 லட்சம்.
அதே 12,500-ஐ 6-ஆம் தேதிக்கு மேல் போட்டால் 39.22 லட்சம்.
மார்ச் கடைசியில், வரிச்சலுகை ஞாபகம் வந்ததும் ஓடிப்போய்ப் போட்டால் 37.99 லட்சம்.

முதலாவதுக்கும் கடைசிக்கும் சுமார் 2.70 லட்சம் வித்தியாசம். நீங்கள் பார்த்த இரண்டு தளங்களில் ஒன்று வருடத் தவணை, மற்றது மாதத் தவணை. இரண்டுமே சரி.

இனி, பெரும்பாலான கால்குலேட்டர்கள் கோட்டைவிடும் இடம். பிபிஎஃப்பின் 15 வருடம் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகுதான் எண்ணத் தொடங்குகிறார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய கணக்கு முதிர்வது 2041 ஏப்ரலில். இடையில் 16 நிதியாண்டு, 16 முறை பணம் போடலாம். பதினாறும் ஏப்ரல் 5-க்குள் போனால் 7.1 சதவீதத்தில் 45.18 லட்சம் வரும். "15 வருடம்" என்று பெட்டியை உறையவைத்த தளத்தில் இது தெரியவே தெரியாது. மார்ச்சில் தொடங்கினால் அதே 16 தவணை 15 வருடமும் சில நாட்களும் கொண்ட காலத்தில் அடங்கிவிடும்.

வட்டி நிலையானதல்ல என்பதையும் மறக்க வேண்டாம். 7.1 என்பது 2020 ஏப்ரலில் வந்தது. 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 சதவீதம் கொடுத்தார்கள். காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும் வட்டியை 15 வருடத்துக்கும் ஒரே எண்ணாக வைத்துத்தான் எல்லாத் தளமும் பெருக்குகிறது.

வைகைக்கரை

மேடம், 5-ஆம் தேதி விஷயம் தெரியும், பதினாறாவது தவணை புதுசு. செல்வமகள் திட்டத்துலயும் இப்படி ஏதாவது உண்டா?

ஐந்தாம்தேதி

உண்டு. செல்வமகளில் பணம் போடுவது 15 வருடம், முதிர்வு தொடங்கிய நாளிலிருந்து 21 வருடம். கடைசி 6 வருடம் சும்மா வட்டி மட்டும் ஏறும். 8.2 சதவீதத்தில் வருடத் தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் வீதம் போட்டால் 22.5 லட்சம் போட்டு 71.82 லட்சம். பொதுவான ஆர்டி (தொடர் வைப்பு) கால்குலேட்டரில் 21 வருடம் என்று கொடுத்தால் அது 21 தவணைக்குக் கணக்குப் போட்டு ஏமாற்றிவிடும்.

அஞ்சலக ஆர்டி காலாண்டுக் கூட்டு வட்டி. 6.7 சதவீதத்தில் மாதம் 10,000 ஐந்து வருடத்துக்கு 7,13,658. மாதக் கூட்டு வட்டி போடும் தளத்தில் 7,14,361 காட்டும். வித்தியாசம் எழுநூறு ரூபாய்தான், ஆனால் தளம் எந்த முறை என்று கண்டுபிடிக்க உதவும்.

ஓய்வூதியன்

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் கூட்டு வட்டியே கிடையாது, காலாண்டுக்கு ஒருமுறை கையில் கொடுத்துவிடுவார்கள். 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500. ஐந்து வருடம் கழித்து 45 லட்சம் வரும் என்று ஒரு தளம் காட்டினால், அது இந்தத் திட்டத்தின் கணக்கே இல்லை. பெயரை மாற்றி ஒட்டிய எஃப்டி (நிலை வைப்பு) கால்குலேட்டர்.

துளிவெள்ளம்

எஃப்டி என்றதும் ஒரு சந்தேகம். 7 சதவீத வட்டி, ஆனா "மகசூல் 8.3 சதவீதம்"னு விளம்பரம் வருதே, அது எப்படி?

கணக்குப்பிள்ளை

1 லட்சம், 7 சதவீதம், காலாண்டுக் கூட்டு வட்டி, 5 வருடம்: முதிர்வு 1,41,478. மொத்த வட்டி 41,478. அதை ஐந்தால் வகுத்தால் வருடம் 8,296, அதுதான் அந்த 8.3. கூட்டு வட்டியைச் சாதா வட்டி போல வகுத்துக் காட்டும் உத்தி. காலம் நீள நீள அந்த "மகசூல்" ஏறிக்கொண்டே போகும், வட்டி அதேதான். உண்மையான ஆண்டு விகிதம் 7.19.

அதிலும் 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்குச் செஸ் என்ற மேல்வரியோடு 31.2 போனால் மிஞ்சுவது 4.94. முதிர்வில் வாங்கும் வைப்பாக இருந்தாலும் வரி வருடாவருடம் சேர்ந்த வட்டிக்குக் கட்ட வேண்டும். வங்கி டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்தால் (2025 ஏப்ரல் முதல் வரம்பு வருட வட்டி 50,000, மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம்) பிடித்த தொகைக்கு அப்புறம் வட்டி ஏறாது. அதனால் கால்குலேட்டர் காட்டிய முதிர்வுத் தொகையும் பாஸ்புக்கில் விழும் தொகையும் ஒத்துப்போகாது. வங்கி ஏமாற்றிவிட்டது என்று கிளை மேலாளரிடம் சண்டைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்.

துளிவெள்ளம்

நன்றி சார். ஸ்டெப்-அப் எஸ்ஐபி கால்குலேட்டரும் ஆளை மயக்குது. 10,000-ல தொடங்கி வருஷம் 10 சதவீதம் ஏத்தினா 20 வருஷத்துல 1.86 கோடி. சாதாரண எஸ்ஐபி மாதிரி ரெண்டு மடங்கு!

சந்தைக்கடை

ரெண்டு மடங்கு வருது சரி, போடுற பணம் எவ்வளவுன்னு கீழ சின்ன எழுத்துல இருக்கும், அதையும் படிங்க. 24 லட்சம் இல்ல, 68.73 லட்சம். இன்னொரு எண்ணு அதுல வரவே வராது: இருபதாவது வருஷம் நீங்க மாசம் கட்ட வேண்டிய தவணை 61,159. சம்பளம் வருஷம் 10 சதவீதம் விடாம ஏறினாதான் அது நடக்கும். பிள்ளை காலேஜுல, வீட்டுக்கடன் ஓடிட்டு இருக்கு, அப்ப 61,000 கட்டுவீங்களா? 5 சதவீத ஏற்றம் போட்டுப் பாருங்க, கடைசித் தவணை 25,270. கோடிக் கணக்கு கொஞ்சம் இறங்கும், ஆனா கட்டக்கூடிய கணக்கு.

வைகைக்கரை

இப்ப என் முதல் கேள்விக்கு வர்றேன். 15 லட்சம், 12 வருஷம். கல்விச் செலவு வருஷம் 8 சதவீதம் ஏறுதுன்னு வச்சுக்கிட்டேன், முதலீட்டுக்கு 10 சதவீதம். ஒரு தளம் மாசம் 13,974 சொல்லுது. இன்னொரு தளம் "பணவீக்கம் கழித்த வட்டி"ன்னு ஏதோ போட்டு 9,305 போதும்னுது. 9,305-ஐ எடுத்துக்கலாமா?

கணக்குப்பிள்ளை

எடுக்கவே எடுக்காதீர்கள். இந்த இழையிலேயே பெரிய பள்ளம் இதுதான்.

முதல் தளம் செலவை முன்னே தள்ளுகிறது. 15 லட்சத்தை 8 சதவீதம் வீதம் 12 வருடம் ஏற்றினால் 37.77 லட்சம். அந்தத் தொகையை 10 சதவீத வளர்ச்சியில் சேர்க்க மாதம் 13,974. தவணை 12 வருடமும் மாறாது. இது நேர்வழி.

இரண்டாவது தளம் செலவை இன்றைய 15 லட்சமாகவே விட்டுவிட்டு வட்டியைக் குறைக்கிறது. 1.10-ஐ 1.08-ஆல் வகுத்தால் 1.85 சதவீதம் (10-இலிருந்து 8-ஐக் கழித்து 2 என்று சொல்லக் கூடாது, வகுக்க வேண்டும்). அந்த 1.85-இல் 15 லட்சம் சேர்க்க மாதம் 9,305. இந்தக் கணக்கிலும் தப்பில்லை. ஆனால் அந்த 9,305 இன்றைய மதிப்பில் சொன்னது. அதாவது தவணையும் பணவீக்கத்தோடு சேர்ந்து வருடம் 8 சதவீதம் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பது அதன் பொருள். அதை எந்தத் தளமும் சொல்வதில்லை. நீங்கள் 9,305-ஐ மாறாத தவணையாக வைத்துவிட்டால் 12 வருடம் கழித்துக் கையில் இருப்பது 25.15 லட்சம். தேவை 37.77. பன்னிரண்டரை லட்சம் துண்டு விழும்.

எதிர்த்திசையிலும் விழுபவர்கள் உண்டு. செலவையும் ஏற்றி 37.77 என்று போட்டு, வட்டியையும் 1.85 ஆக்கினால் மாதம் 23,431 கேட்கும். பணவீக்கம் இருமுறை கழிந்துவிட்டது. "நமக்கு முடியாது" என்று திட்டத்தையே கைவிடுகிறவர்களில் பாதிப்பேர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் பயந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

சந்தைக்கடை சொன்னபடி அகலமும் பாருங்கள். 8 சதவீத வளர்ச்சி என்றால் மாதம் 15,906. 12 என்றால் 12,260.

வைகைக்கரை

இதை கூகுள் ஷீட்ல நானே போட முடியுமா? ஒவ்வொரு தளமா அலைய வேண்டாமே.

கணக்குப்பிள்ளை

நான்கு சூத்திரம் போதும். பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்: FV, PMT, NPER, RATE. கீழே உச்சரிப்பைத் தருகிறேன்.

எதிர்காலத் தொகைக்கு "எஃப்வி". அடைப்புக்குள் வரிசை: மாத வட்டி, தவணைகளின் எண்ணிக்கை, தவணைத் தொகை, இப்போதே கையில் உள்ள தொகை, கடைசியில் 1 அல்லது 0. மாதத் தொடக்கத் தவணைக்கு 1. கடைசி எண்ணை விட்டுவிட்டால் ஷீட் 0 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது மாதக் கடைசி. மாத வட்டி இடத்தில் 1.12^(1/12)-1 என்றே எழுதுங்கள், பதின்ம எண்ணாக மாற்ற வேண்டாம்; தசமத்தைச் சுருக்கும்போது விடை ஆயிரக்கணக்கில் மாறிவிடும். தவணைத் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும், ஏனெனில் அது கையைவிட்டுப் போகும் பணம். குறி மறந்தால் விடை எதிர்மறையில் வரும், பயப்பட வேண்டாம்.

தேவையான தவணைக்கு "பிஎம்டி". எத்தனை மாதம் பிடிக்கும் என்பதற்கு "என்பெர்". உண்மையில் என்ன வட்டி கிடைக்கிறது என்பதற்கு "ரேட்". வட்டி தெரியாமல் விற்கப்படும் எல்லாவற்றையும் தோலுரிக்க அது ஒன்றே போதும்.

துளிவெள்ளம்

ரேட்டை பாலிசிக்குப் போட்டுக் காட்டுங்களேன் சார். வருஷம் 50,000, 20 வருஷம் கட்டணும், கடைசியில 18 லட்சம். "10 லட்சம் கட்டினா 18 லட்சம், 80 சதவீத லாபம்"னு சொல்றாங்க.

கணக்குப்பிள்ளை

ரேட் அடைப்புக்குள்: 20, பிறகு -50000, பிறகு 0, பிறகு 1800000, கடைசியில் 1. விடை சுமார் 5.3 சதவீதம். அந்த 80 சதவீதம் இருபது வருடத்துக்கு உரியது. காப்பீட்டுத் தொகையின் விலையும் இந்த 5.3-க்குள் அடங்கியிருக்கிறது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் காப்பீட்டுக்குத் தனி டெர்ம் பாலிசி (காப்பீடு மட்டும் தருவது) என்ன விலை என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முகவர் கொடுக்கும் பயன் விளக்கத் தாளில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்தி இருக்கும். அவை நிதி ஈட்டுவதாக வைத்துக்கொண்ட மொத்த விகிதம், செலவு கழிக்காதது. 8 சதவீதப் பத்தியின் கடைசித் தொகையை ரேட்டில் போட்டுப் பாருங்கள், 8 வராது.

பொன்வண்டு

நகைச்சீட்டையும் இதுல போடலாம். மாசம் 5,000 வீதம் 11 தவணை, பதினோரு மாசம் முடிஞ்சதும் ஒரு தவணை போனஸோட 60,000-க்கு நகை. ரேட் அடைப்புக்குள் 11, -5000, 0, 60000, 1. மாசம் 1.44 சதவீதம் வரும். வருஷக் கணக்குக்கு அதை 12-ஆல பெருக்காதீங்க, 12 மாசத்துக்குக் கூட்டு வட்டியா ஓட்டுங்க: 18.8 சதவீதம். போனஸ் பாதித் தவணைன்னா 9.2 சதவீதம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பணத்தை அதே கடையிலதான் செலவழிக்கணும். பக்கத்துக் கடையைவிடச் சேதாரம் 4 சதவீதம் கூடன்னா 60,000-ல 2,400 போச்சு. போனஸ் 5,000-ல மிச்சம் 2,600, வட்டி பத்துக்குக் கீழ இறங்கிரும். அதனால கால்குலேட்டர்ல போனஸைப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கடையில செய்கூலி, சேதாரம் விசாரிச்சுட்டு வித்தியாசத்தைக் கழிச்சுப் போடுங்க. 3 சதவீத ஜிஎஸ்டி எங்க வாங்கினாலும் உண்டு, அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம். ஏன் 11 மாசம்னு கேட்டா, பொருளுக்கு வாங்குற முன்பணத்தை 365 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா கம்பெனிச் சட்டத்துல அது டெபாசிட் ஆயிரும்.

சந்தைக்கடை

எக்ஸ்ஐஆர்ஆர் (ஒவ்வொரு தவணையும் போட்ட தேதியை வச்சுக் கணக்குப் போடுற வருஷ லாப விகிதம்) பத்தி ஒரு வார்த்தை. ஆப்புல எக்ஸ்ஐஆர்ஆர் 42 சதவீதம்னு பச்சையில எரியும். பாத்தா பணம் போட்டு ஒரு மாசம், லாபம் 3 சதவீதம். அதைப் பன்னிரண்டு மாசத்துக்கு இழுத்து 42.6 ஆக்கிக் காட்டுது. ஒரு வருஷம் ஆகாத முதலீட்டுக்கு அந்த எண்ணையே பாக்காதீங்க.

தலைகீழாவும் நடக்கும். ஒரு வருஷம் எஸ்ஐபி போட்டு லாபம் 6 சதவீதம்தானேன்னு எஃப்டியோட ஒப்பிட்டு நிறுத்துறவங்க இருக்காங்க. முதல் தவணை 12 மாசம் இருந்துச்சு, கடைசித் தவணை ஒரு மாசம்தான் இருந்துச்சு. எக்ஸ்ஐஆர்ஆர் போட்டா 11 சதவீதத்துக்கு மேல. ஷீட்ல போடும்போது கடைசி வரியில இன்னைக்குத் தேதி போட்டு இன்றைய மதிப்பைக் கூட்டல் குறியில சேர்க்க மறந்தா பிழைன்னு காட்டும். பாதிப் பேர் இங்கதான் மாட்டுவாங்க.

ஓய்வூதியன்

சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், எடுப்பதற்கும் கால்குலேட்டர் இருக்கிறது. எஸ்டபிள்யூபி, அதாவது ஃபண்டிலிருந்து தவணை முறையில் பணம் எடுப்பது, என்ற பெயரில். அதை நம்பி ஓய்வுக்காலத் தொகையை எடுப்பது ஆபத்து, ஏனென்றால் அது ஒவ்வொரு வருடமும் ஒரே வளர்ச்சி என்று வைக்கிறது.

1 கோடி ரூபாய், ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 6 லட்சம் எடுக்கிறோம். சந்தை முதல் வருடம் 25 சதவீத ஏற்றம், அடுத்தது 10 ஏற்றம், மூன்றாவது 20 இறக்கம் என்றால் மிச்சம் 93.32 லட்சம். அதே மூன்று எண்ணைத் திருப்பிப்போட்டு முதல் வருடமே 20 இறக்கம் என்றால் மிச்சம் 87.65 லட்சம். சராசரி ஒன்றே, எடுத்த தொகையும் ஒன்றே, வரிசை மட்டும் வேறு. பணம் எடுக்காமல் இருந்தால் இரண்டும் ஒரே 1.10 கோடிதான். கால்குலேட்டரில் வளர்ச்சியை மாற்றிப் பார்ப்பதைவிட, முதல் மூன்று வருடத்தை இறக்கமாக வைத்து ஷீட்டில் வரிவரியாகப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம்தேதி

பிஎஃப் கணக்கிடுபவர்களுக்கும் சுருக்கமாக: அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் தொழிலாளி பங்கு 3,600, முதலாளி பங்கு 3,600, ஆக 7,200 என்று பல தளம் வளர்க்கிறது. ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவருக்கு முதலாளி பங்கிலிருந்து 1,250 அந்தத் திட்டத்துக்குப் போய்விடும். வட்டி ஏறுவது 5,950-க்குத்தான்.

துளிவெள்ளம்

வரியைப் பற்றி ஒரு தளமும் சொல்றதில்லையே. அந்த 91.98 லட்சம் முழுசா கைக்கு வருமா?

கணக்குப்பிள்ளை

பங்கு ஃபண்ட் என்றால், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபத்தில் வருடம் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம், 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். 91.98 லட்சத்தில் லாபம் சுமார் 68 லட்சம். கடைசி வருடத் தவணைகள் குறுகிய காலத்தில் வரும், லாபம் சொற்பம், அதை விட்டுவிடுவோம். மொத்தத்தையும் ஒரே வருடத்தில் எடுத்தால் மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டிவிடும், வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜும் (கூடுதல் வரி) 4 சதவீத செஸ்ஸும் ஏறும். வருமானம் 1 கோடிக்குள் என்று வைத்தால் வரி ஏறத்தாழ 9.54 லட்சம். மூன்று நான்கு நிதியாண்டுகளில் பிரித்து எடுத்தால் சர்சார்ஜ் போய்விடும், 1.25 லட்சக் கழிவும் ஒவ்வொரு வருடமும் கிடைக்கும்.

மீதியையும் பணவீக்கத்துக்குக் கொடுங்கள்: 6 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 3.21-ஆல் வகுக்க வேண்டும். வரி கட்டும் முன்பே 91.98 லட்சம் இன்றைய மதிப்பில் 28.68 லட்சம்.

சந்தைக்கடை

முத்திரைத் தீர்வையை விட்டுட்டீங்களே அண்ணே! 0.005 சதவீதம், 10,000-க்கு 50 பைசா. 😄

சிரிப்பு போக, விடை காட்டுறதுக்கு முன்னாடி ஃபோன் நம்பரும் ஓடிபியும் கேக்குற தளத்துல இருந்து உடனே வெளிய வந்துருங்க. கூட்டிப் பெருக்க ஃபோன் நம்பர் எதுக்கு? அடுத்த நாள் காலையில இருந்து பாலிசி விக்கக் கூப்பிடுவாங்க.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. அப்ப மாசம் 14,000, 10 சதவீதம், 12 வருஷம்னு முடிவு பண்ணிட்டேன். கடைசி மூணு வருஷம் பங்கு ஃபண்டுல இருந்து எஃப்டிக்கு மாத்திரலாம்னு யோசனை, சரிதானே?

கணக்குப்பிள்ளை

மாற்றுவது சரி, ஆனால் 14,000 போதாது. கால்குலேட்டரில் ஒரே வட்டிக்குத்தான் இடம், உங்கள் திட்டத்தில் இரண்டு வட்டி இருக்கிறது. முதல் 108 மாதம் 10 சதவீதம், கடைசி 36 மாதம் வரி போக 6 சதவீதம் என்று வையுங்கள். ஷீட்டில் இரண்டு எஃப்வி: முதலாவதில் 108 தவணை. அதில் வந்த விடையை, கழித்தல் குறியோடு, இரண்டாவது எஃப்வியில் "இப்போது கையில் உள்ள தொகை" இடத்தில் கோர்த்து 36 தவணை. தவணைத் தொகையை ஏற்றி இறக்கி 37.77 லட்சம் வரும் இடத்தைப் பிடியுங்கள். 15,489-இல் நிற்கும்.

வைகைக்கரை

போட்டுப் பாத்தேன், அதேதான் வருது. 15,500 வச்சுக்கிறேன். வருஷா வருஷம் ஏப்ரல்ல அந்த 15 லட்சத்தை மட்டும் அன்றைய கட்டணத்துக்குத் திருத்திட்டு மறுபடி ஓட்டுறேன்.

ஐந்தாம்தேதி

அந்த 15 லட்சத்தில் விடுதிக் கட்டணம் சேர்த்தீர்களா?

வைகைக்கரை

சேர்க்கலையே மேடம். மறுபடி ஷீட்டைத் திறக்கிறேன்.